ரெஸ்டோமாட் என்றால் என்ன? 1969 கமாரோவை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

1969-ஆம் ஆண்டு ஷெவர்லே கமாரோ ஒன்றைத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே புதுப்பித்து, இன்றைய அமெரிக்க நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவருக்கு, அந்தக் காரின் அழகும் எட்டு சிலிண்டர் கொண்ட வி8 இன்ஜினின் உறுமலும் அரை நூற்றாண்டு கடந்தும் சற்றும் மங்கவில்லை என்பது உடனே தெரியும். முன்னால் செல்லும் வண்டி திடீரென்று வேகம் குறைத்தால், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் கொண்ட சாதாரண கமாரோ நிற்பதற்கு எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்கிறது என்பதும் அதே அளவு விரைவாகத் தெரியும். ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கும் சக்கரம் திரும்புவதற்கும் இடையே ஒரு தளர்வு இருக்கும். கோடைக்கால நெரிசலில் நின்றால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் சூடேறி இன்ஜின் தடுமாறும். மனத்தைக் கவரும் அந்த உருவத்தைக் கைவிடாமல், ஓட்டும்போது அச்சம் தரும் குறைகளை மட்டும் நீக்க முடியுமா என்ற கேள்விக்கு அமெரிக்கப் பட்டறைகள் கண்ட விடைதான் ரெஸ்டோமாட்.

புதுப்பித்தலைக் குறிக்கும் ரெஸ்டோரேஷன், மாற்றியமைத்தலைக் குறிக்கும் மாடிஃபிகேஷன் என்ற இரு சொற்களின் முன்பகுதிகளை ஒட்டி உருவான சொல் இது. கண்ணுக்குத் தெரியும் உருவத்தைப் பழையபடியே மீட்டெடுத்து, ஓட்டத்துக்கும் பாதுகாப்புக்கும் உரிய உறுப்புகளை இன்றைய தரத்துக்கு உயர்த்துவது என்று இதை விளக்கலாம். இதற்கு இருபுறமும் வேறு இரண்டு மரபுகள் உள்ளன. தூய புதுப்பித்தலில் திருகாணியின் தலையில் இருக்கும் முத்திரை வரை தொழிற்சாலை நிலைக்கே திரும்பியாக வேண்டும். ஹாட் ராட் மரபிலோ கூரையை அறுத்துத் தாழ்த்துவது, உடற்கூட்டின் வடிவத்தையே உரிமையாளரின் கற்பனைப்படி மாற்றுவது ஆகியவை வழக்கமானவை. ரெஸ்டோமாட் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அதற்கென்று எழுதிவைத்த விதி கிடையாது என்பதால், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற முடிவு ஒவ்வொரு முறையும் செய்பவரின் ரசனையிடமே விடப்படுகிறது.

கமாரோ போன்ற கார்களைக் குறிக்கும் மசில் கார் என்ற சொல்லையும் முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பெரிய காருக்கு உரிய பெரிய வி8 இன்ஜினை, அதைவிடச் சிறிய, எடை குறைந்த, இரண்டு கதவுள்ள, விலை மலிவான காரில் பொருத்துவதே இதன் அடிப்படைச் சிந்தனை. 1964-இல் வந்த போன்டியாக் ஜிடிஓ இந்த வகைக்குத் தொடக்கமாகப் பெரும்பாலோரால் கருதப்படுகிறது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இன்ஜின் வைக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு, போன்டியாக்குக்கும் ஷெவர்லேக்கும் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸுக்குள் அப்போது இருந்தது. போன்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய குழுவினரும், டெம்பெஸ்ட் காரில் 389 கன அங்குல, அதாவது 6.4 லிட்டர் இன்ஜினை, தனி மாடலாக அறிவிக்காமல், கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் விருப்பத் தொகுப்பாக வைத்து அந்தக் கட்டுப்பாட்டைத் தாண்டினார்கள். முதல் ஆண்டிலேயே 32,000-க்கும் மேற்பட்ட ஜிடிஓக்கள் விற்றன. அதே 1964 ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங் வந்தது. அதற்குப் போட்டியாக 1966 இலையுதிர் காலத்தில், 1967-ஆம் ஆண்டு மாடலாகக் கமாரோ வந்தது. மஸ்டாங், கமாரோ போன்ற சிறிய கார்களைப் போனி கார் என்று தனியாக வகைப்படுத்துவோரும் உண்டு. பெரிய இன்ஜின் ஏறிய கமாரோவை மசில் கார் வரிசையிலிருந்து விலக்குவதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

அந்தக் காலத்து விளம்பரங்களில் காணும் குதிரைத்திறன் எண்களைத் தொடக்கநிலை வாசகர் அப்படியே இன்றைய எண்களோடு ஒப்பிடக்கூடாது. ஆல்டர்னேட்டர், காற்று வடிகட்டி, முழு சைலன்சர் போன்ற சுமைகள் இல்லாமல், இன்ஜினை மட்டும் மேடையில் வைத்து அளந்த மொத்தத் திறனே 1971 வரை பெரும்பாலும் அச்சிடப்பட்டது. 1972 முதல், காரில் இருக்கும் நிலையிலேயே அளந்த நிகரத் திறன் வழக்கமாயிற்று. ஷெவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டின் 1971-ஆம் ஆண்டு அடிப்படை இன்ஜினுக்கு இரண்டு அளவுகளும் வெளியிடப்பட்டன: மொத்தத் திறன் 270, நிகரத் திறன் 210. ஒரே இன்ஜினுக்கு இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, 1969-இன் 300 குதிரைத்திறன் கார் ஒன்றில் இன்றைய 300 குதிரைத்திறன் இன்ஜினை வைத்தால், அது பழையதைவிடத் தெளிவாக வலுமிக்கதாக இருக்கும். 1970-இன் தூய காற்றுச் சட்டம், காப்பீட்டுக் கட்டண உயர்வு, 1973-இன் எண்ணெய் நெருக்கடி ஆகியவை சேர்ந்து இந்தக் கார்களின் முதல் காலத்தை முடித்துவைத்தன.

ரெஸ்டோமாட்டுக்கு 1969 கமாரோவை எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. 1967, 1968 மாடல்களின் அடிக்கூடு மாறாமலே, சக்கர வளைவுகளிலிருந்து பின்னோக்கி ஓடும் கூர்மையான மடிப்புக் கோடுகளுடன் வெளித் தகடுகள் பலவும் அந்த ஓர் ஆண்டுக்கென்றே புதிதாக வரையப்பட்டன. அடுத்த தலைமுறைக் கமாரோ தாமதமானதால் அந்த மாடல் வழக்கத்தைவிட நீண்ட காலம் உற்பத்தியாகி, சுமார் 2,43,000 கார்கள் ஒஹாயோவின் நார்வுட், கலிஃபோர்னியாவின் வேன் நைஸ் ஆலைகளிலிருந்து வெளிவந்தன. பந்தயத் தடத்திலும் அதற்குப் பெயர் இருந்தது. இன்ஜின் அளவுக்கு 5 லிட்டர் வரம்பு கொண்ட டிரான்ஸ்-ஆம் பந்தயத் தொடரை 1968, 1969 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பென்ஸ்கி அணியின் கமாரோவில் மார்க் டோனஹியூ வென்றார். எண்ணிக்கை அதிகம், உருவம் அழகு, உதிரிபாகம் தாராளம் என்ற மூன்றும் ஒரே காரில் கூடியிருப்பது அரிது. ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளரான மார்க் ஸ்டீலோ 1990-களில் உருவாக்கிய 1969 கமாரோக்கள், புரோ டூரிங் என்று அழைக்கப்படும் பாணிக்கு, அதாவது பழைய மசில் காரை நெடுந்தூரம் ஓடவும் வளைவுகளில் திரும்பவும் சரியாக நிற்கவும் தகுதியாக்கும் முறைக்கு, முன்னோடியாக அமைந்தன.

வேலையைத் தொடங்கும் முன், எந்தக் காரை மாற்றியமைக்கக் கூடாது என்று முடிவுசெய்ய வேண்டும். என் பார்வையில் ரெஸ்டோமாட் செய்வோருக்கு இருக்கும் முதற்பெரும் பொறுப்பு இதுதான். 1969-இல் அலுமினிய 427 கன அங்குல இன்ஜினுடன் வந்த இசட்எல்1 கமாரோக்கள் மொத்தம் 69 மட்டுமே; அத்தகைய காரில் ஒரு துளை போடுவதுகூட வரலாற்றை அழிப்பதாகும். ஆலையில் பொருத்திய இன்ஜினே இன்றும் காரில் இருக்கிறதா என்பதை அறிய, இன்ஜின் பிளாக்கில் பொறித்த எண்ணைக் காரின் அடையாள எண்ணோடு ஒப்பிடுவார்கள். கண்ணாடிக்கு உட்புறம் டேஷ்போர்டின் மேல் இருக்கும் அந்த அடையாள எண்ணில் 124 என்று தொடங்கினால் வி8 என்றும், 123 என்று தொடங்கினால் ஆறு சிலிண்டர் என்றும் தெரியும். அது கமாரோவின் அதிவேக வகைகளான எஸ்எஸ் மாடலா, இசட்/28 மாடலா என்பது அதிலிருந்து தெரியாது. சாதாரணக் காரில் பட்டைக் கோடும் முத்திரையும் ஒட்டி இசட்/28 என்று விற்பது இதனால்தான் எளிதாகிறது. ஆறு சிலிண்டருடனோ 307 கன அங்குல எளிய வி8 இன்ஜினுடனோ வெளிவந்து, பிறந்த இன்ஜினை எப்போதோ இழந்துவிட்ட கமாரோதான் ரெஸ்டோமாட்டுக்கு மிகவும் ஏற்றது. எஸ்எஸ் முத்திரை ஒட்டிப் பொய் சொல்லாமல், அது என்னவோ அதுவாகவே அதை மேம்படுத்துவது நேர்மையான வழி.

காரைப் பிரித்து முடித்ததும் துரு தன் முழுக் கணக்கையும் காட்டும். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வட மாநிலங்களில் ஓடிய கார் என்றால், பின்சக்கரத்துக்குப் பின்னுள்ள பக்கத் தகடு, டிக்கியின் தளம், காலடித் தளம் ஆகியவை அரித்திருக்க வாய்ப்பு அதிகம். முன் கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே வரும் பெட்டி போன்ற பகுதியில் இலைச் சருகுகள் தேங்கி, ஈரம் வெளியேறாமல் தகரத்தை உள்ளிருந்தே தின்றுவிடுவதும் உண்டு; கம்பளத்தைத் தூக்கிப் பார்க்கும்வரை அது தெரியாது. துருவேறிய இடத்தின் மேல் பட்டி பூசி மழமழப்பாக்கிப் பெயிண்ட் அடித்துவிட்டால் ஓரிரு ஆண்டுகள் அழகாகத் தெரிந்து, பின்னர் கொப்புளம் விடும். முறையான வேலையில் கெட்ட தகட்டை வெட்டி எடுத்து, புதிதாக அச்சில் அழுத்தி எடுத்த அதே வடிவத் தகட்டை வெல்டு செய்து பொருத்துவார்கள். முதல் தலைமுறைக் கமாரோவுக்கு ஏறத்தாழ எல்லாத் தகடுகளும், ஏன், முழு உடற்கூடும்கூட இன்று புதிதாகவே கிடைக்கின்றன. ஒரு ரெஸ்டோமாட்டின் செலவிலும் நாட்களிலும் பெரும்பங்கை விழுங்குவது இந்தத் தகர வேலையும் பெயிண்ட் வேலையும்தான் என்பதைப் புதியவர்கள் பலரும் எதிர்பார்ப்பதில்லை.

இயந்திரப் பகுதிக்கு வரும்போது எல்லோருடைய கண்ணும் முதலில் இன்ஜின் மேல்தான் விழும். ஆயினும் வரிசைப்படி முதலில் வரவேண்டியது பிரேக். ஓடும் காரின் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் உயர்வதால், மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 140-க்குப் போகும் கார் நிற்கும்போது ஏறத்தாழ இரண்டு மடங்கு வெப்பத்தைப் பிரேக் தாங்க வேண்டியிருக்கிறது. டிரம் பிரேக்கில் வெப்பம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சூடேறிய டிரம் விரிந்து, உள்ளிருந்து அழுத்தும் பட்டையை விட்டு விலகுவதால், மிதியை எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு குறைந்துகொண்டே போகும். திறந்த காற்றில் சுழலும் டிஸ்க்குக்கு இந்தக் குறை பெரிதும் இல்லை. ஆனால் டிஸ்க் பெரியதாக இருக்க வேண்டுமானால் சக்கரமும் பெரியதாக வேண்டும். பெரும்பாலான கமாரோக்கள் 14 அங்குலச் சக்கரத்துடன் வந்தவை. அதற்குள் இன்றைய பெரிய டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் நுழையாது. ஆகவே பிரேக்கை மாற்றுகிறவர் 17 அல்லது 18 அங்குலச் சக்கரத்துக்குப் போகிறார், சக்கரம் மாறியதும் டயர் மாறுகிறது, டயர் மாறியதும் அதைத் தாங்கும் சஸ்பென்ஷன் பற்றி யோசிக்க வேண்டியதாகிறது. ரெஸ்டோமாட் என்ற கலையின் உள்ளடக்கமே இந்தச் சங்கிலிதான்.

கமாரோவின் அடிக்கூட்டில் ஒரு தனித்தன்மை உண்டு. இன்ஜினையும் முன் சஸ்பென்ஷனையும் சுமக்கும் முன்பாதி தனிச் சட்டமாக இருந்து, ரப்பர் திண்டுகள் வழியாக உடலோடு போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருக்கும். பின்பாதியில் உடலே சட்டமாக இருக்கும். மென்மையான பயணத்துக்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடு, வலுவான இன்ஜினும் அகலமான டயரும் வந்தபின் முறுக்கத் தொடங்கும். அதனால் முன்சட்டத்தைப் பின்புறத் தண்டுகளோடு இணைக்கும் எஃகுக் குழாய்களை அடியில் பொருத்துவது, ரப்பர் திண்டுகளுக்குப் பதில் உறுதியான திண்டுகளைப் போடுவது ஆகியவை அடிப்படை மேம்பாடுகளாகின்றன. நூலடுக்குகள் சாய்வாக அமைந்த அன்றைய பயாஸ் பிளை டயர்களுக்கு ஏற்ப வடிவமைத்த முன் சஸ்பென்ஷன், வளைவில் கார் சாயும்போது வெளிச்சக்கரத்தைத் தரையில் தட்டையாக அமரவிடாமல் வெளிப்பக்கம் சாய்த்துவிடும். சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் மேல் கையின் பொருத்துப் புள்ளியைச் சற்றுக் கீழே நகர்த்துவதன் மூலமே இதைக் கணிசமாகத் திருத்தலாம் என்பதைப் பந்தயக்காரர்கள் அப்போதே கண்டறிந்திருந்தனர். பின்னால், லாரிகளில் பார்ப்பது போன்ற பட்டை ஸ்பிரிங்தான் இருந்தது. 1967 மாடலில் ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு பட்டை இருந்ததால், வேகமாகப் புறப்படும்போது பின் அச்சு குதித்தது. 1968-இல் ஒரு ஷாக் அப்சார்பரை அச்சுக்கு முன்னாலும் மற்றொன்றைப் பின்னாலும் மாற்றி வைத்து ஷெவர்லே அதைக் கட்டுப்படுத்தியது. இன்று பலரும் பட்டைகளை நீக்கிவிட்டுக் காயில் ஸ்பிரிங்கும் நான்கு இணைப்புக் கைகளும் கொண்ட அமைப்புக்கு மாறுகிறார்கள். ஆயினும் தரமான புதிய பட்டைகளும் நல்ல ஷாக் அப்சார்பர்களும் வீதியில் ஓட்டுபவருக்குப் போதுமானவை என்பதே என் எண்ணம்.

இதன் பிறகுதான் இன்ஜின். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு மிகப் பரவலான தேர்வு, அந்த நிறுவனத்தின் எல்எஸ் என்ற வி8 இன்ஜின் குடும்பம். 1997 மாடல் கார்வெட்டில் எல்எஸ்1 என்ற பெயரில் அது அறிமுகமாயிற்று. 2008 கார்வெட்டில் வந்த 6.2 லிட்டர் எல்எஸ்3 இன்ஜின் 430 நிகரக் குதிரைத்திறன் தருகிறது. அலுமினிய பிளாக் கொண்டதால் அதன் எடை சுமார் 200 கிலோதான். 1969-இன் வார்ப்பிரும்புப் பெரிய பிளாக் இன்ஜின் 300 கிலோவைத் தாண்டும். மூக்கில் 100 கிலோ குறைந்த கார் வளைவில் எவ்வளவு இலகுவாகத் திரும்பும் என்பதை ஓட்டியவர்களே அறிவார்கள். நிறுவனமே பெட்டியில் அடைத்துப் புதிதாக விற்கும் இத்தகைய இன்ஜினைக் கிரேட் இன்ஜின் என்பார்கள். பொருத்துவதோ பெட்டியைத் திறப்பது போல எளிதன்று. இன்ஜினின் எண்ணெய்த் தொட்டி கமாரோவின் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும் என்பதால் வேறு வடிவத் தொட்டி வேண்டும். பழைய கார்புரேட்டருக்கு இன்ஜின் பக்கவாட்டில் இருந்த சிறிய பம்ப் சுமார் 6 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தத்தில் பெட்ரோல் கொடுத்தால் போதும். எல்எஸ் இன்ஜினின் இன்ஜெக்டர்களுக்கு 58 பிஎஸ்ஐ தேவை. ஆகவே டேங்குக்குள்ளேயே மின்சாரப் பம்ப் அமைந்த புதிய டேங்கும் உயர் அழுத்தக் குழாய்களும் வேண்டியிருக்கின்றன. மின்சாரப் பம்பும் இன்ஜினை ஆளும் கணினியும் ரேடியேட்டர் விசிறிகளும் வந்தபின், 40 ஆம்பியருக்கும் குறைவாகக் கொடுத்த பழைய ஆல்டர்னேட்டரும் ஐம்பது ஆண்டு வெயிலில் காய்ந்து வெடித்த வயரிங்கும் அதைத் தாங்க மாட்டா. புதிய வயரிங்கில் செலவைக் குறைப்பவர்கள் பின்னாளில் சாலையோரம் நிற்க நேரிடுகிறது. தீப்பிடிக்கும் அபாயமும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

எல்லோரும் இன்ஜினை மாற்றத்தான் வேண்டும் என்பதில்லை. பழைய 350 கன அங்குல இன்ஜினையே திறந்து சீர்செய்து, ஈயமில்லாத பெட்ரோலைத் தாங்கும் கடினமான வால்வு இருக்கைகளைப் பொருத்தி, கார்புரேட்டரின் இடத்திலேயே அதே வடிவில் அமரும் எரிபொருள் இன்ஜெக்‌ஷனையும் மின்னணு இக்னிஷனையும் வைத்தால், பானெட்டைத் திறந்து பார்ப்பவருக்குப் பழைய தோற்றமும் ஓட்டுபவருக்குக் காலையில் ஒரே திருப்பில் கிளம்பும் நிம்மதியும் கிடைக்கும். நான் பரிந்துரைப்பதும் பெரும்பாலும் இந்த அடக்கமான வழியைத்தான்.

கியர்பாக்ஸ் மாற்றத்தின் பயனை ஒரு கணக்கால் காட்டலாம். மன்சி என்று பெயர்பெற்ற பழைய நான்கு கியர் பெட்டியின் உச்ச கியரில், இன்ஜின் ஒரு முறை சுழன்றால் கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் தண்டும் ஒரு முறை சுழலும். பின் அச்சின் விகிதம் 3.73 ஆகவும் டயரின் விட்டம் 26 அங்குலமாகவும் இருந்தால், மணிக்கு 110 கிலோமீட்டரில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,300 முறை சுழல வேண்டும். ஒரு மணி நேரப் பயணத்திலேயே காது களைத்துவிடும். டிரெமெக் நிறுவனத்தின் டி56 வகை ஆறு கியர் பெட்டியில், ஆறாவது கியரின் விகிதம் 0.50 என்ற அமைப்பை எடுத்துக்கொண்டால், அதே வேகத்தில் 1,650 சுழற்சிகள் போதும். ஒலி அடங்கும், பெட்ரோல் மிச்சமாகும், புறப்படும் வேகமோ குறையாது. பெரிய கியர்பாக்ஸ் நுழையத் தளத்தின் நடுவிலுள்ள மேட்டை வெட்டி உயர்த்த வேண்டியிருக்கும். கம்பளத்துக்கு அடியில் மறையும் வெட்டு என்பதால் அதை நான் ஏற்கிறேன்.

ஏசி, இருக்கைப் பட்டி, மாசுச் சோதனை ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய ஏசி ஆர்-12 வாயுவில் ஓடியது. ஓசோன் படலத்தைக் காக்கும் உடன்பாட்டின்படி அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1995 இறுதியோடு நின்றதால், ஆர்-134ஏ வாயுவில் ஓடும் சிறிய அமைப்பை டேஷ்போர்டுக்குப் பின்னால் மறைத்து வைக்கிறார்கள். மூன்று முனை இருக்கைப் பட்டிகளைத் தோற்றத்துக்காக எவரும் தவிர்க்கக்கூடாது. மாசுச் சோதனை பற்றிப் புதியவர்கள் கேட்பதுண்டு. கடுமையான விதிகளுக்குப் பெயர்பெற்ற கலிஃபோர்னியாவிலேயே 1975-ஆம் ஆண்டு வரையிலான பெட்ரோல் கார்களுக்கு அந்தச் சோதனையிலிருந்து விலக்கு இருக்கிறது.

ரசனை என்று மேலே சொன்னதை இனி விளக்க வேண்டும். 1969 கமாரோவின் அழகு, தாழ்ந்த கூரைக்கும் அகன்ற பின்தோள்களுக்கும் சக்கரத்துக்கும் உள்ள விகிதத்தில் இருக்கிறது. 20 அங்குலச் சக்கரம் போட்டால் டயரின் கறுப்பு ரப்பர் மெல்லிய கோடாகச் சுருங்கி, கார் பொம்மை வண்டியைப் போலத் தெரியும். 17 அல்லது 18 அங்குலத்தில் நிறுத்தினால் அந்த விகிதம் பெரும்பாலும் காப்பாற்றப்படுகிறது. அன்றைய அரக்கு வகைப் பெயிண்டைவிட இன்றைய யூரித்தேன் பூச்சு நீடித்து உழைக்கும் என்பதால் அதைப் பயன்படுத்துவது சரி. ஆனால் 1969-க்கே உரிய ஹக்கர் ஆரஞ்சு போன்ற நிறத்தை அந்தப் பூச்சில் கலந்து அடிக்கும்போது கார் தன் காலத்தோடு உறவை இழப்பதில்லை. வேகமானி, எண்ணெய் அழுத்தமானி ஆகியவற்றின் முகம் பழையபடி இருந்து, பின்னால் மின்னணுக் கருவி இயங்கினால் போதும். டேஷ்போர்டின் நடுவில் ஒளிரும் பெரிய தொடுதிரையைப் பார்த்த கணத்தில் ஐம்பது ஆண்டுகள் கலைந்துபோகின்றன. கதவைச் சாத்தும்போது எழும் கனத்த ஓசை, மெல்லிய ஸ்டியரிங் வளையம், சைலன்சரின் ஆழ்ந்த குரல் ஆகியவற்றை மாற்றியமைத்தவர்கள் வேறொரு காரைச் செய்திருக்கிறார்கள் என்றே கருதுகிறேன்.

கவனமுள்ள பட்டறைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. புதிய பாகங்களை முடிந்தவரை தொழிற்சாலை போட்ட துளைகளிலேயே போல்ட் போட்டு இணைப்பார்கள். எங்கே வெட்டினார்கள், எங்கே வெல்டு செய்தார்கள் என்பதைப் புகைப்படத்துடன் குறித்துவைப்பார்கள். கழற்றிய கார்புரேட்டர், டிரம்கள், பட்டை ஸ்பிரிங்குகள், வேகமானி ஆகியவற்றுக்கு அட்டை கட்டிப் பெட்டியில் அடுக்குவார்கள். பழைய இன்ஜின் உடன் வந்திருந்தால் அதன் சிலிண்டர்களுக்குள் எண்ணெய் விட்டு, துளைகளை அடைத்து, உறையிட்டு ஒரு தாங்கியில் நிறுத்துவார்கள். காரை ஒப்படைக்கும் நாளில் சாவியோடு அந்தப் பெட்டிகளும் அந்த இன்ஜினும் உரிமையாளரின் கராஜுக்குப் போய்ச் சேர்கின்றன.